85 பூஜ்யங்கள்

2025 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. நண்பர் வீட்டில் நாலு குடும்பம் கூடியிருந்தோம். மேசையில் மசால் வடை, டிவியில் கல்லூரி ஃபுட்பால், நம்ம ஊர் கால்பந்து இல்லை, அமெரிக்க ஆட்டம். நண்பர் அமெரிக்கா வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. தான் படித்த பல்கலைக்கழகத்தின் அணி தோற்றால் ஞாயிறு முழுக்க வீட்டில் யாரோடும் பேச மாட்டார், அந்த ரகம். அன்றைக்கு அவர் அணி தோற்றுக்கொண்டிருந்தது. முந்தைய வருடம் அங்கே ஆடிய குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவன், அதிகக் காசு கிடைக்கிற வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டான், அதனால்தான் இந்தக் கதி என்பது அவர் கட்சி. "இருபது வயசுப் பையனுக்கு மில்லியன் கணக்குல காசு. விசுவாசமாவது ஒண்ணாவது! முன்னெல்லாம் காலேஜ் ஆட்டம்னா ஒரு சுத்தம் இருந்துச்சுப்பா" என்றார். அவர் மனைவி என் பக்கம் திரும்பி, "அண்ணா, நீங்க படிக்கிறப்ப இந்த ப்ளேயர்ஸ் கூடத்தானே வேலை பார்த்தீங்க, நீங்களே சொல்லுங்க" என்றார். எனக்கு உடனே ஒன்றும் வரவில்லை. இன்னொரு வடையை எடுத்துக்கொண்டேன்.

காரில் திரும்பும்போதுதான் அந்தச் 'சுத்தம்' என்ற சொல் உறுத்த ஆரம்பித்தது. அவர் சொன்ன அந்தச் சுத்தமான காலத்தில் நான் உள்ளே இருந்தேன். அந்தச் சுத்தத்தைக் காவல் காக்க எனக்கு மணிக்கு 11 டாலர் கொடுத்தார்கள்.

வீட்டுப் பத்திரமும் மணிக்கு 11 டாலரும்

2011-இல் அப்பா வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்து வாங்கிய கல்விக் கடனோடு வந்து இறங்கியவன் நான். எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் வருகிறவர்கள், வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள்ளே வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம், அவ்வளவுதான். இரண்டாம் வருடம் விளையாட்டுத் துறையில் ட்யூட்டர் வேலை கிடைத்தது. வீரர்களுக்குப் புள்ளியியல் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஊர் பேரோ பல்கலைக்கழகத்தின் பேரோ வேண்டாம். பெரிய மாநிலப் பல்கலைக்கழகம், சனிக்கிழமை வந்தால் ஊரே ஒரே நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்தை நோக்கி நடக்கும் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையில் சேருமுன் ஒரு நாள் பயிற்சி. கல்லூரி விளையாட்டை ஆளுகிற என்சிஏஏ-வின் விதிகளை ஸ்லைடு ஸ்லைடாகக் காட்டினார்கள். வீரனைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் விடக் கூடாது. காபி வாங்கித் தரக் கூடாது. ஐந்து டாலர் கைமாற்று கூடாது. பிறந்தநாள் பரிசு கூடாது. மற்ற மாணவர்களுக்குக் கிடைக்காத எதை அவனுக்குக் கொடுத்தாலும் அது 'கூடுதல் சலுகை', அவன் ஆட்டமே போய்விடும். ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக விவகாரம் அப்போது ஆறாத புண். தங்களுக்குக் கிடைத்த மோதிரங்களையும் சட்டைகளையும் விற்றும், பச்சை குத்திக்கொள்வதற்கு மாற்றியும் விட்டார்கள் என்று அங்கே ஐந்து பேரை ஐந்து ஆட்டங்களுக்கு நிறுத்திவைத்தார்கள். அதை மறைத்தார் என்று கோச் ஜிம் ட்ரெஸ்ஸல் 2011 மே மாதம் பதவி விலகினார். அந்தக் கதையைச் சொல்லி எங்களைப் பயமுறுத்தினார்கள். நானும் பயந்தேன். விசாவில் இருக்கிறவனுக்கு விதி என்ற சொல்லே போதும்.

அப்போது என் கருத்து என்ன தெரியுமா? இந்தப் பையன்கள் கொடுத்துவைத்தவர்கள். ஃபீஸ் இல்லை, அறை வாடகை இல்லை, புத்தகம் இலவசம், கூடவே என்னைப்போல ஒரு ட்யூட்டரும். என் வீட்டில் பத்திரம் பேங்க் லாக்கரில் கிடக்கிறது, இவர்களுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? படிப்புதான் சொத்து என்று சொல்லிச் சொல்லி வளர்த்த வீட்டிலிருந்து வந்தவனுக்கு அது இயல்பான நினைப்புதான். பொறாமை என்று இப்போது சொல்லலாம், அப்போது நியாயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூடிய டிபன் பாக்ஸ்

எனக்கு வந்த பையன்களில் ஒருவனை இங்கே தம்பி என்றே சொல்கிறேன், மனசுக்குள் அப்படித்தான் கூப்பிடுவேன். ஜார்ஜியாப் பையன், 135 கிலோ இருப்பான். குவார்ட்டர்பேக்கைக் காப்பாற்ற முன்வரிசையில் நின்று மோதுகிற ஆள், டிவியில் பெயர் வராத ஆள். என்னைவிட நாலு வயது சின்னவன், வார்த்தைக்கு வார்த்தை 'சார்' போடுவான். தென்மாநிலத்து வளர்ப்பு. ஊரை விட்டு வந்தபிறகு என்னை சார் என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவன்தான். பயிற்சி முடித்து இரவு எட்டரைக்கு வருவான். விரல்களில் டேப் சுற்றியிருக்கும். இடது தோளில் பிளாஸ்டிக் உறை போட்டு இறுக்கிக் கட்டிய ஐஸ் மூட்டை, அது கசிந்து கணக்குத் தாளில் சொட்டும். தாளை வலது பக்கம் நகர்த்திக்கொண்டே திட்ட விலக்கம் போடுவான்.

வீரர்களும் வாரம் 20 மணி நேரம்தான் பயிற்சி செய்யலாம் என்று என்சிஏஏ விதி இருக்கிறது. என் விசாவின் அதே 20. ஆனால் என் 20-ஐக் கணக்கு வைக்க அதிகாரிகள் இருந்தார்கள். அவன் 20-இல் ஆட்ட நாள் முழுவதும், எத்தனை மணி நேரம் போனாலும், மூன்று மணி நேரமாகத்தான் கணக்கில் ஏறும். பயணம் கணக்கில் வராது, சிகிச்சை அறையில் ஐஸ் வைத்துக்கொண்டு படுத்திருப்பது வராது, 'விருப்பப்பட்டுச்' செய்கிற உடற்பயிற்சி வராது. விருப்பப்படாமல் இருந்து பார், அப்புறம் தெரியும் என்பான்.

ஒரு நாள் எட்டரை ஆகியும் ஆளைக் காணோம். எனக்குப் பசி. டிபன் பாக்ஸைத் திறந்தேன், எலுமிச்சம் சாதம், ஓரத்தில் வறுத்த அப்பளம் நமுத்துப்போய். ரெண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பேன், உள்ளே வந்தான். மூக்கை உறிஞ்சி, "நல்ல வாசனை சார், அது என்ன?" என்றான். சொன்னேன். பயிற்சி இழுத்துவிட்டதாம், சாப்பாட்டுக் கூடம் மூடிவிட்டதாம், மத்தியானம் சாப்பிட்டதுதானாம். அந்தக் காலத்து விதிப்படி அவனுக்கு அணியின் சாப்பாடு ஒரு நாளைக்கு ஒரு வேளைதான். இடையில் பழம், பருப்பு வகை, பேகல் ரொட்டி கொடுக்கலாம். பேகல்மேல் எதையாவது தடவிக் கொடுத்தால் அது சாப்பாடாகிவிடும், விதிமீறல். ஜோக் இல்லை, இப்படி எழுதியே வைத்திருந்தார்கள்.

எங்கள் வீட்டில் தபால்காரர்கூட மோர் குடிக்காமல் போனதில்லை. எதிரே ஆள் நிற்கும்போது சாப்பிடுகிற பழக்கமே கிடையாது. அவன் என் பாக்ஸைப் பார்க்கிறான், நான் அவனைப் பார்க்கிறேன், சுவரில் பயிற்சி நாளில் பார்த்த அதே விதிகள் போஸ்டராக ஒட்டியிருக்கின்றன. அறைக்குக் கண்ணாடிச் சுவர் வேறு. நான் பாக்ஸை மூடினேன். ஸ்பூனைக்கூட எடுக்காமல் அப்படியே மூடி, க்ளிக் என்று சத்தம் வர அழுத்தினேன். அவன், "தெரியும் சார், பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை விரித்தான். பத்து மணிக்கு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து மீதியைச் சாப்பிட்டேன். அம்மாவிடம் இதை இன்றுவரை சொன்னதில்லை.

2014 ஏப்ரலில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஷபாஸ் நேப்பியர், தேசிய கூடைப்பந்துப் பட்டம் வென்ற சமயத்தில், சில ராத்திரி பட்டினியோடு படுக்கப் போகிறேன் என்று நிருபர்களிடம் சொன்னார். சில நாள்களிலேயே சாப்பாட்டுக்கு வரம்பில்லை என்று விதியை மாற்றினார்கள். மாற்றுகிற பேச்சு முன்பே நடந்துகொண்டுதான் இருந்தது என்பார்கள், இருக்கட்டும். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு க்ளிக் என்ற அந்தச் சத்தம்தான் கேட்டது.

எக்செல்லில் இழுத்த கோடு

ஆனாலும் என் கருத்து மாறியது சோற்றினால் இல்லை. சோற்றுக்கு வருத்தப்பட்டேன், அவ்வளவுதான். மாறியது ஒரு வீட்டுப்பாடத்தால்.

கூட்டுச் சராசரிக்கும் இடைநிலைக்கும் (எண்களை வரிசையாக அடுக்கினால் நட்டநடுவில் நிற்பது) வித்தியாசம் காட்ட ஏதாவது நிஜத் தகவலை எடுத்துக் கணக்குப் போட வேண்டும். அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் சம்பளப் பட்டியல் எல்லாருக்கும் திறந்தே கிடக்கும். தம்பி அவன் அணியின் கோச்சுகளை எடுத்துக்கொண்டான். அந்தக் காலத்தில் ஒரு தலைமைக் கோச், ஒன்பது துணைக் கோச்சுகள், ஆகப் பத்து பேர். தலைமைக் கோச்சுக்கு மில்லியன் கணக்கில், மற்றவர்களுக்கு லட்சக்கணக்கில். ஒரே ஒரு பெரிய எண் சராசரியை எப்படித் தூக்கிவிடுகிறது, இடைநிலை எப்படி அசையாமல் நிற்கிறது என்று பாடம் அழகாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது கேட்டான்: "சார், அணியின் சம்பளம்னு தலைப்பு போட்டிருக்கேன். இதில் ஆடுறவங்க யாரையும் காணோமே?"

நீங்கள் சம்பளம் வாங்குகிறவர்கள் இல்லையே என்றேன். "அப்ப பூஜ்யம் போடலாமா?" போடலாம்தான், கணக்கில் பூஜ்யமும் ஒரு எண்தான். பதினோராவது வரிசையில் 0 தட்டினான். அந்தக் கட்டத்தின் மூலையைப் பிடித்து டேப் சுற்றிய விரலால் கீழே இழுத்துக்கொண்டே போனான். ஃபுட்பாலுக்கு உதவித்தொகை அப்போது 85 பேருக்கு. 95-ஆவது வரிசையில் கையை எடுத்தான். சராசரி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக விழுந்தது. அது போகட்டும். இடைநிலைக் கட்டத்தில் இருந்த ஆறு இலக்க எண் காணாமல் போய் ஒற்றை 0 நின்றது.

நான் விடவில்லை. அது பூஜ்யம் இல்லை, உன் ஃபீஸ், அறை, புத்தகம் எல்லாம் சேர்ந்தால் எவ்வளவு தெரியுமா என்று என் வீட்டுப் பத்திரத்தின் கோபத்தையும் சேர்த்துக் கேட்டேன். அவனுக்குக் கோபம் வரவில்லை. "நிஜம்தான் சார். ஆனா அதை எடுத்து எங்கம்மாவுக்கு வாடகை கட்ட முடியாது இல்லையா? அவங்க வந்து நான் ஆடுறதைப் பார்க்க டிக்கெட் வாங்க முடியாது." அப்புறம் கொஞ்சம் தயங்கிச் சொன்னான், சிவில் இன்ஜினியரிங் படிக்கத்தான் வந்தானாம். லேப் எல்லாம் மத்தியானம், பயிற்சியும் மத்தியானம். ஆலோசகர் ஒருவர் பயிற்சிக்கு இடிக்காத ஒரு பாடத்தைக் காட்டி, இதை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். அந்த மேஜரில் அவன் முன்வரிசை ஆட்கள் பாதிப்பேர் இருந்தார்கள்.

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் தாத்தா காலத்தில் கூலியை நெல்லாக அளப்பார்கள். கூலியே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது, நெல் இருக்கிறது, கண்ணால் பார்க்கலாம். ஆனால் மரக்கால் பண்ணையாருடையது. எந்த நெல், எத்தனை மரக்கால், பதர் எவ்வளவு என்பதெல்லாம் அளக்கிறவர் கையில். அன்றைக்கு அந்தத் திரையைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது அதுதான். படிப்பைக் கூலியாகக் கொடுக்கிறார்கள், சரி. எந்தப் படிப்பு என்பதையும் அவர்களே அளக்கிறார்கள். 1973-இலிருந்து நெடுங்காலம் அந்த உதவித்தொகையே வருடா வருடம் புதுப்பிக்கிற சமாச்சாரம். தோள்பட்டை போனால் அடுத்த வருடம் இருக்குமா என்பது கோச்சின் மனசு.

அந்தப் பட்டியலில் நான் இல்லை. இருந்திருந்தால் என் வரிசையில் ஒரு எண் இருந்திருக்கும், சின்ன எண்தான், 11 பெருக்கல் மணிகள். கடல் தாண்டி வந்து இந்த விளையாட்டின் விதிகூட முழுசாகத் தெரியாத எனக்கு, அவன் ஆட்டத்தால் வருகிற காசில் சம்பளம். அவன் வகுப்புக்குப் போனானா என்று எட்டிப் பார்க்க ஒரு ஆள் இருந்தார், அவருக்குச் சம்பளம். மைதானத்தில் சோளப்பொரி விற்கிறவருக்கும் சம்பளம். அவன் நம்பர் போட்ட சட்டை, பெயர் இல்லாமல், வளாகக் கடையில் தொங்குகிறது.

வீட்டுப்பாடத்துக்கு இருபதுக்குப் பதினெட்டு வந்தது. வரைபடத்தில் அச்சுக்குப் பெயர் எழுதவில்லை என்று இரண்டு மதிப்பெண் போச்சு.

சொல்லில் இருந்த சூட்சுமம்

இவர்களை யாரும் வெறுமனே மாணவன் என்றோ வீரன் என்றோ சொல்ல மாட்டார்கள். 'மாணவ-வீரர்' என்றுதான் பயிற்சியில் எங்களையும் சொல்லவைத்தார்கள். ஏதோ மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம்தான் தேடிப் படித்தேன். 1955-இல் கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்கு ஆடிய ரே டெனிசன் என்பவர் தலையில் அடிபட்டு இறந்துபோனார். வேலையில் இறந்தவரின் குடும்பத்துக்குக் கிடைக்கிற நஷ்ட ஈட்டை அவர் மனைவி கேட்டார். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் 1957-இல் இல்லை என்று தீர்ப்பானது. கல்லூரி ஃபுட்பால் தொழில் செய்யவில்லை, ஆகவே அவர் தொழிலாளி இல்லை. வீரர்களைத் தொழிலாளி என்று யாராவது தீர்ப்புச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் பரவிய அந்தக் காலத்தில்தான் இந்தச் சொல்லை உருவாக்கி எல்லா விதியிலும் நுழைத்தோம் என்று, என்சிஏஏ-வை 1951 முதல் 1980-களின் கடைசி வரை நடத்திய வால்டர் பையர்ஸே பின்னாளில் ஒப்புக்கொண்டார். நண்பர் சொன்ன சுத்தத்தின் வேர் ஒரு விதவைக்குக் கொடுக்காத பணத்தில் இருக்கிறது.

இதற்கு எதிராக ஒரு வாதம் எனக்கு நிஜமாகவே கனமாகப் படும். ஃபுட்பாலும் ஆண்கள் கூடைப்பந்தும் சம்பாதிக்கிற காசில்தான் நீச்சலும் மல்யுத்தமும் பெண்கள் அணிகளும் ஓடுகின்றன, பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் விளையாட்டுத் துறைக்கு வரவைவிடச் செலவுதான் அதிகம், சம்பளம் என்று ஆரம்பித்தால் முதலில் வெட்டு விழுவது சின்ன விளையாட்டுகள்மேல்தான் என்பார்கள். பொய் இல்லை. அப்புறம் 2023 நவம்பரில் டெக்ஸஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் ஃபுட்பால் கோச் ஜிம்போ ஃபிஷரை அனுப்பிய செய்தி வரும். ஒப்பந்தம் முடியுமுன் அனுப்பியதற்கு, இனி வேலை செய்யாமல் இருப்பதற்கு, அவருக்குத் தர வேண்டியது 7.5 கோடி டாலருக்கு மேல். காசு இல்லை என்கிற வாதத்தை அதற்கு முன்பு கேட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டிருப்பேன்.

ஊரில் எங்கள் சித்தப்பா ரயில்வேக்கு வாலிபால் ஆடினார். ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு மத்தியானம் மைதானத்துக்குப் போவார், ஒண்ணாம் தேதி சம்பளம். அதனால் ஆட்டம் அசுத்தமானது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சம்பளம் வராத மாதம்தான் சித்தி பேசுவார்.

இப்போது காசு வந்துவிட்டது

நண்பர் கோபப்படுகிற காலத்துக்கு வருகிறேன். 2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்பது பேரும் ஒருமனதாக என்சிஏஏ-வுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. தொழிலாளிக்குச் சந்தைக் கூலி தராமல் இருப்பதுதான் எங்கள் சரக்கின் சிறப்பு என்று அமெரிக்காவில் வேறு எந்தத் தொழிலாவது சொல்லித் தப்பிக்க முடியுமா என்ற பொருளில் நீதிபதி கவனா தனியாக எழுதினார். அடுத்த மாதமே வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூனில், வீரர்கள் என்சிஏஏ-மேல் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. அதன்படி ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு நேரடியாகவே, 2025-26 கல்வியாண்டில் ஏறக்குறைய 2.05 கோடி டாலர் வரை, பிரித்துக் கொடுக்கலாம் என்றானது. பெரும்பகுதி ஃபுட்பாலுக்குத்தான் போகிறது. முன்பு ஆடியவர்களுக்கு அந்தச் சமரசத்தில் தர ஒத்துக்கொண்ட நிலுவைத் தொகையைப் பிரித்த விதம் பெண்களுக்கு அநியாயம் என்று வீராங்கனைகள் சிலர் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். அவர்கள் கேட்பது நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது.

இதில் எங்களவர்களுக்கு மட்டும் புரிகிற ஒரு வேடிக்கை உண்டு. விளம்பரக் காசு சட்டமானபிறகும் எஃப்-1 விசாக்காரர்கள் அதைத் தொட முடியாமல் தவித்தார்கள். பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஸேக் ஈடி, கனடாக்காரர், 2023, 2024 இரண்டு வருடமும் நாட்டின் சிறந்த கல்லூரிக் கூடைப்பந்து வீரர். கூட ஆடுகிறவர்கள் சம்பாதிக்க, அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கென்டக்கியின் ஆஸ்கர் ஷிப்வே காங்கோவிலிருந்து வந்தவர். அணி 2022-இல் பஹாமாஸுக்கு ஆடப் போனபோது, அமெரிக்க மண்ணில் இல்லை என்பதால், விளம்பர வேலைகளை அங்கே வைத்து முடித்துக்கொண்டார். விசாவில் இருந்தவன் எவனும் இதைப் படித்து ஒரு நிமிடம் சிரிக்காமல் இருக்க மாட்டான்.

குவார்ட்டர்பேக் காசுக்குத் தாவினான் என்கிறார் நண்பர். கோச் பிரையன் கெல்லி 2021-இல் நாட்டர் டேமை விட்டு லூசியானா ஸ்டேட்டுக்குப் போனபோதும் காசுக்குத்தான் போனார், ஒப்பந்தத்தோடு போனார். பையன்களுக்கும் தொழிலாளி என்ற பெயரையும் ரெண்டு மூணு வருட ஒப்பந்தத்தையும் கொடுத்தால் இந்தத் தாவல் பாதி நின்றுவிடும் என்பது என் கட்சி. தொழிலாளி என்ற பெயரை மட்டும் இன்னும் கொடுக்கவில்லை. 2014-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக வீரர்கள் தொழிற்சங்கம் வேண்டும் என்று கேட்டார்கள். தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் வட்டார அதிகாரி, ஆம், இவர்கள் தொழிலாளிகள்தான் என்றார். மேலே இருந்த வாரியமே அடுத்த வருடம் இந்த வழக்கில் தலையிட மாட்டோம் என்று கையைக் கழுவியது. சங்கம் கேட்ட கெய்ன் கோல்டர், டாக்டர் படிப்புக்கான வேதியியல் வகுப்பு காலைப் பயிற்சியோடு இடித்ததைச் சாட்சியத்தில் சொன்னார். படித்ததும் எங்கள் தம்பியின் லேப் ஞாபகம்தான்.

தம்பிக்கு இந்தக் காசு எதுவும் கிடையாது. ஹவுஸ் நிலுவைத் தொகை 2016-இலிருந்து ஆடியவர்களுக்கு. அவன் 2014-இல் முடித்துவிட்டான், தோளோடு தொழில்முறை ஆட்டக் கனவும் முடிந்தது. இப்போது அட்லாண்டா பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கோச்சாக இருக்கிறான். ஒரே ஒரு காசோலை மட்டும் அவனுக்கு வந்தது. கல்லூரி அணிகளை வைத்து ஈஏ ஸ்போர்ட்ஸ் ஒரு வீடியோ கேம் விற்றுக்கொண்டிருந்தது. பெயர் இருக்காது, ஆனால் நம்பர், உயரம், எடை எல்லாம் அச்சு அசலாக இருக்கும். தன்னையே ஒரு நண்பர் வீட்டில் அந்த மாதிரி கேமில் பார்த்த முன்னாள் கல்லூரிக் கூடைப்பந்து வீரர் எட் ஒபேனன் 2009-இல் வழக்குப் போட்டார். அந்த வழக்குகளின் சமரசத்தில் ஈஏ-யும் என்சிஏஏ-வும் மற்றவர்களும் சேர்ந்து 6 கோடி டாலர் தர ஒத்துக்கொண்டார்கள். பல ஆயிரம் பேருக்குப் பிரித்தது போக, 2016-இல் தம்பிக்கு ஆயிரத்துச் சில்லறை டாலர் வந்தது. காசோலையைப் போட்டோ எடுத்து அனுப்பி, "சார், என் வரிசையில் இனிமேல் பூஜ்யம் இல்லை" என்று எழுதியிருந்தான்.

அந்த எக்செல் கோப்பு என்னிடம் இருந்தது. திறந்து, பதினோராவது வரிசையில் 0-வை அழித்துவிட்டு அவன் தொகையைப் போட்டேன். சராசரி பத்துப் பன்னிரண்டு டாலர் ஏறியது. இடைநிலை அசையவில்லை.